மிளையும் கோம்பையும்: மலையடிவாரக் கோட்டைகளைத் தேடி



'மலைக்கோட்டைகளும் காட்டோர ஊர்களும்' என்னும் பொருளில் பேசுமாறு எனக்குக் கட்டளையிட்டார்கள். செஞ்சியைப் பற்றியோ திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பற்றியோ பேசுவேன் என்று பலர் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைத் தொடாமல் போகமாட்டேன். ஆயினும் என் பேச்சு பெரும்பாலும் நம் ஊரிலிருந்து தெற்கே போகும் தென்காசிச் சாலையில்தான் நடக்கும். திருவில்லிபுத்தூரில் புறப்பட்டு, இராசபாளையம், சேற்றூர், தேவதானம், சிவகிரி, வாசுதேவநல்லூர் எனப் போய், நெற்கட்டும்செவலில் அது நிற்கும். மேற்கே மலைத்தொடர் வழிநெடுகத் துணைவரும் இந்தச் சாலையில் நாம் எல்லாரும் நூறு முறையாவது பேருந்தில் போயிருப்போம். திருமணத்திற்கும் துக்கத்திற்கும் குற்றாலத்திற்கும் போயிருப்போம். கோட்டை பார்க்கப் போனவர் எத்தனை பேர்?

கோட்டை என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது கல். செஞ்சியின் இராசகிரியை நிமிர்ந்து பார்த்தவர்க்கு அந்த வடிவம் மறக்காது. 1677இல் சிவாசியின் கைக்கு வந்து, பின்னர் இராசாராம் அடைக்கலம் புகுந்து, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டும் எளிதில் பணியாத கோட்டை அது. 1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட தேசிங்குராசனை நம் மக்கள் கதைப்பாட்டில் ஏற்றிப் பாடினார்கள். 2025ஆம் ஆண்டு மராட்டியரின் போர்த்தளங்கள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெசுகோ ஏற்றபோது, தமிழகத்திலிருந்து செஞ்சி அவற்றுள் ஒன்றாயிற்று. மகிழ்ச்சிதான். ஆனால் கல் எஞ்சியதால்தானே செஞ்சிக்கு இந்தப் பேறு வாய்த்தது? மண்ணால் கட்டிய கோட்டைகளுக்கு எந்தப் பட்டியலில் இடம்?

செருமனியில் ஐடல்பர்க்கு என்றொரு நகரம் உண்டு. காடு அடர்ந்த குன்றின் சரிவில், நெக்கர் ஆற்றைப் பார்த்தபடி, சிவந்த கல்லால் ஆன பாழடைந்த அரண்மனை ஒன்று அங்கே நிற்கிறது. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் படைகள் 1689இலும் 1693இலும் அதனைத் தகர்த்தன. 1764இல் இடி விழுந்து எஞ்சியதும் எரிந்தது. ஊரார் அதன் கற்களைப் பெயர்த்துத் தம் வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்த இடிபாட்டை ஓவியர்களும் கவிஞர்களும் தேடி வந்து வரைந்தார்கள், பாடினார்கள். தாய்நாட்டை விட்டு வந்த பிரெஞ்சுப் பிரபு ஒருவர், கிரெம்பர்க்கு என்பது அவர் பெயர், 1810 முதல் அங்கேயே தங்கி, கல்லைத் திருடுவோரைத் தடுத்து, ஒவ்வொரு மூலையையும் படமாக்கினார். இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் அங்கே போகிறார்கள். இடித்தவன் பிரெஞ்சுக்காரன், காத்தவனும் பிரெஞ்சுக்காரன் என்பது ஒரு வேடிக்கை. அதைவிட எனக்கு முதன்மையாகப் படுவது, பாழைக் கலைஞர் கண்ட பிறகுதான் ஊர் அதனைக் கண்டது என்பது.

தமிழுக்கு இது புதிதன்று. பாழ்பட்ட மலைக்கோட்டையைப் பற்றிய மிகச் சிறந்த பாட்டு நம்மிடம்தான் இருக்கிறது. பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டபோது, மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் உழவர் உழாமலே விளையும் மலையை உங்களால் பட்டினி போட முடியாது என்று கபிலர் வேந்தர்களுக்குக் கணக்குச் சொன்னார். மலை வீழ்ந்த பின் பாரியின் மகளிர் ஒரு திங்கள் இடைவெளியை வைத்துக்கொண்டு ஐந்தே அடியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். இன்று பிரான்மலையில் ஏறுகிறவன் அந்த ஐந்தடியைத் தேடித்தான் ஏறுகிறான்.

என் முனைவர் பட்ட ஆய்வு உழிஞை, நொச்சித் துறைகளைப் பற்றியது. அரணை முற்றுவோன் சூடுவது உழிஞை, காப்போன் சூடுவது நொச்சி. தொல்காப்பியர் இரண்டையும் உழிஞைக்குள்ளேயே அடக்கினார்; புறப்பொருள் வெண்பாமாலை காப்பதைத் தனித்திணையாகப் பிரித்தது. வள்ளுவர் அரணுக்கு வேண்டியவற்றைச் சொல்லும்போது நீர், வெட்டவெளி, மலை, காடு என நான்கினை அடுக்குகிறார். மதில் பிறகுதான் வருகிறது. சங்கப் பாடல்களில் காவற்காட்டிற்கு 'மிளை' என்று பெயர். பகைவன் முதலில் மிளையைக் கடக்க வேண்டும், அப்புறம் கிடங்கு, அதன்பின்தான் மதில். ஆய்வு செய்த காலத்தில் இவற்றையெல்லாம் நான் நூலகத்து மேசையில் அமர்ந்து குறிப்பட்டைகளில் எழுதிக்கொண்டேன். மிளை எனக்கு ஒரு சொல்லாக மட்டுமே இருந்தது.

கடந்த தை மாதம் முதுகலை மாணவியர் பன்னிருவரோடு மூன்று நாள் இந்தச் சாலையில் போனேன். அந்தப் பயணத்தின் பயனையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

திருவில்லிபுத்தூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு நிலைக் கோபுரமும், பெரியாழ்வாரும் அவர் திருமகளும் வாழ்ந்த தெருக்களும் உங்கள் கவிதைகளில் நிறையவே உண்டு. சற்று மிகையாகவே உண்டு என்று சொன்னாலும் கோபிக்க மாட்டீர்கள். திருமலை நாயக்கர் பெயரால் வழங்கும் அரண்மனையும் இங்கிருக்கிறது. அதன் வளைவுகளின்கீழ் நெடுங்காலம் நீதிமன்றம் நடந்ததால், வழக்குக்காகப் போனவர்களே அதனை நன்றாகப் பார்த்தவர்கள். ஆனால் இவ்வூரில் ஒரு கோட்டையும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பாளையக்காரர்களும் நவாபின் படையினரும் அதற்காக மோதிக்கொண்டார்கள். கும்பினியின் போர்களை எழுதிய இராபர்ட்டு ஆர்மின் நூலில் நம் ஊரின் பெயர் 'செவல்பெட்டூர்' என்று சிதைந்து கிடக்கிறது. அதைப் படித்துக் காட்டியபோது இவ்வூர்ப் பெண்ணொருத்தியே, "இது எந்த ஊர் அம்மா?" என்று கேட்டாள்.

இராசபாளையத்தில் நாங்கள் நெடுநேரம் நிற்கவில்லை. குமாரசாமி ராஜா தம் வீட்டையே கலைக்காக ஈந்த காந்தி கலை மன்றத்தைப் பார்த்தோம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் தம் இல்லத்தைப் பொதுவுக்கு விட்டார் என்ற செய்தி இளையவர்களுக்குத் தெரிய வேண்டும். பாளையம் என்ற சொல்லே படைவீடு என்ற பொருளுடையது. பழையபாளையம், புதுப்பாளையம் என்று நாள்தோறும் சொல்கிறோம், அச்சொல்லுக்குள் கூடாரங்களும் குதிரைகளும் இருப்பதை எண்ணுவதில்லை. ஊர் பெயரைத் தாங்கிய நாய்க்கு 2005இல் அஞ்சல்தலை வந்தது. கோட்டைகளைக் காத்த நாயினம் என்று ஊரார் பெருமையோடு சொல்கிறார்கள். காத்த நாய் எஞ்சியிருக்கிறது, காக்கப்பட்ட கோட்டைதான் இல்லை.

சேற்றூரில் என் கால்கள் நின்றுவிட்டன. அரண்மனைக்காக அல்ல. 1803ஆம் ஆண்டு நிலையான வரித்திட்டத்தில் பாளையக்காரர் சமீன்தார் ஆயினர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீனும் ஒழிந்தது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே, வாளைக் கீழே வைத்துவிட்ட இந்த அடிவாரத்து அரண்மனைகள் செய்த ஒரே நல்ல காரியம் தமிழுக்குச் சோறு போட்டதுதான் என்பது என் கருத்து. முகவூர் இராமசாமிக் கவிராயர் இச்சமீனின் புலவர். அவர் மக்கள் அருணாசலக் கவிராயர், சுப்பிரமணியக் கவிராயர், கந்தசாமிக் கவிராயர் ஆகிய மூவரும் புலவர்கள். மு.ரா. என்ற இரண்டு தலைப்பெழுத்துகளில் ஊரும் தந்தையும் அடங்கியிருக்கின்றன. கந்தசாமிக் கவிராயர் 'விவேகபாநு' என்னும் இதழை நடத்தியவர். காவடிச்சிந்து தந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் ஊற்றுமலைக்குப் போகுமுன் இச்சேற்றூரில் தங்கித் தமிழ் பயின்றவர். இருபத்தாறு ஆண்டுகளே வாழ்ந்து 1891இல் மறைந்த அந்த இளைஞர், இந்தத் தெருக்களில் நடந்துதான் ஓசையைக் கற்றார் என்று சொன்னபோது, மாணவியர் தெருவைக் குனிந்து பார்த்தார்கள். அவர்களில் இருவர்க்குச் சேற்றூர் ஒரு பேருந்து நிறுத்தமாக மட்டுமே தெரிந்திருந்தது.

தேவதானத்துச் சிவன் பெயர் நச்சாடை தவிர்த்த லிங்கேசுவரர். சோழன் ஒருவன் பாண்டியனுக்கு நஞ்சு தோய்த்த ஆடையை அனுப்பினான், அதனை இறைவன் தவிர்த்தான் என்பது தலக்கதை. கோட்டைகளை மதிலால் மட்டுமா வீழ்த்தினார்கள்?

சிவகிரிக்கு வருவோம். 'மலைமேல் கோட்டை' என்ற தலைப்பை நம்பி வந்த மாணவி ஒருத்தி, அவ்வூர்க் குன்றைக் கண்டதும் துள்ளினாள். குன்றின்மேல் இருப்பது முருகன் கோயில். நம் பக்கத்தில் உச்சியை முருகனுக்கு விட்டுவிட்டு, அரசன் அடிவாரத்தில் இருந்துகொண்டான். ஏன்? இதற்கு விடை பகைவனின் எழுத்தில்தான் எனக்குக் கிடைத்தது.

1783இல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்துவிட்டுச் சிவகிரிமேல் வந்தார். பாளையக்காரர் ஊரைவிட்டு மலையடிக் காட்டிற்குள் போய்விட்டார். புல்லர்ட்டன் அவ்விடத்தை 'காம்பி' என்று எழுதுகிறார். முட்புதரும் மரமும் பின்னிக் கிடக்க, வழியில் தடுப்பரண்கள் நிற்க, பின்னே ஏற முடியாத மலை எழுந்திருக்க, அந்தக் காட்டை வெட்டி வெட்டித்தான் அவர் படை உள்ளே போக முடிந்தது. காம்பி என்பதனைக் 'கோம்பை' என்பதன் திரிபாகவே நான் கொள்கிறேன். மூன்று புறம் மலை வளைந்து ஒரு புறம் திறந்த உட்குழிவை நம் மலையோர மக்கள் இன்றும் கோம்பை என்றே சொல்கிறார்கள். மலையே மதில், காடே மிளை. உச்சியில் கல் அடுக்க வேண்டிய தேவை என்ன? சங்கப் புலவனின் மிளையும் வெள்ளைக்காரத் தளபதியின் காம்பியும் ஒன்றே என்று அந்தச் சாலையோரத்தில் நின்று மாணவியர்க்குச் சொன்னேன். நூலகத்து மேசையில் இருந்த சொல் அன்றுதான் எனக்கு முள்ளும் இலையுமாகத் தெரிந்தது.

அக்கோம்பைகளுக்குள் இப்போது நினைத்தபடி போக முடியாது. 1988இல் நரை அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021இல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாயிற்று. வனத்துறையின் இசைவின்றி உள்ளே கால் வைக்கலாகாது. சில நண்பர்கள் இதனைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் அரண்களில் முழுமையாக எஞ்சியிருப்பது இந்த மிளை ஒன்றுதான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கண்மாய்க் கரைகளில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலைக் காட்டி, "இதுதான் பாளையக்காரர் முள்வேலி" என்று வழிகாட்டுவோர் உண்டு. அச்செடி நம் நாட்டிற்கு வந்ததே 1870களில்தான். பூலித்தேவர் அதைப் பார்த்ததில்லை. அவர்கள் காலத்து முள் உடையும் கள்ளியும் இண்டும்தான். கவிதையில் அதை எழுதுவோர் இதனை மனத்தில் கொள்ளவேண்டும். நொச்சியையோ இன்றும் ஓடைக்கரைகளில் காணலாம். காவல் வீரன் சூடிய அந்தத் தழையைச் சளி பிடித்தால் ஆவி பிடிக்கப் பறிக்கிறோம்.

வாசுதேவநல்லூர்தான் இப்பயணத்தின் நெஞ்சம். 1755இல் கர்னல் எரான் நெற்கட்டும்செவலுக்கு வந்து கப்பம் கேட்டு, கிடைக்காமல் திரும்பினார். அதன்பின் யூசுப்கான் 1760இல் வாசுதேவநல்லூரை முற்றித் தோற்று, மறு ஆண்டு பெரும்படையோடு வந்து, நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளையும் பிடித்தார். 1767இல் மீண்டும் எழுந்த வாசுதேவநல்லூர்மேல் கர்னல் டொனால்டு காம்பெல் பீரங்கிகளோடு வந்தார். மண் மதிலின் இயல்பு ஒன்று உண்டு. கல் மதில் குண்டு பட்டால் பிளக்கும். வைக்கோல் கலந்து மிதித்த மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். உடைப்பு விழுந்த இடத்தில், குண்டு மழைக்கு நடுவே, ஆள் தலை தெரியாமல் பனைமரத்தையும் வைக்கோலையும் திணித்து அடைத்துக்கொண்டே இருந்தார்கள் என்று காம்பெல் வியப்போடு எழுதினார். இறுதியில் கோட்டை வீழ்ந்தது. பாஞ்சாலங்குறிச்சியிலும் இதுவே நடந்தது. 1799இல் இடிக்கப்பட்ட கோட்டையை, 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியவர்கள் சில நாள்களில் மீண்டும் எழுப்பினார்கள். கல்லால் இது முடியுமா?

அங்கே எங்களைக் கண்ட முதியவர் ஒருவர், "கோட்டையா டீச்சரம்மா? அந்த மண்ணையெல்லாம் எங்க தாத்தா காலத்துலயே வண்டி வண்டியா வயலுக்கு அள்ளிட்டாங்க. நல்ல வெளைச்சல் குடுத்த மண்ணு" என்றார். மாணவியர் முகம் வாடிவிட்டது. மதில் என்று சுட்டிக்காட்ட என்னிடமும் எதுவும் இல்லை. 1801 திசம்பரில் கும்பினி அரசு ஆணை பிறப்பித்து, ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி, பாளையக்காரர் கோட்டைகளையெல்லாம் தரைமட்டமாக்கியது. எஞ்சிய மேட்டை மழையும் மண்வெட்டியும் கரைத்தன. ஐடல்பர்க்கில் பகைவன் இடித்தும் பாழ் நின்றது. இங்கே பாழ்கூட நிற்கவில்லை.

நெற்கட்டும்செவலில் அரசு அமைத்த நினைவு மாளிகை இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் எழுப்பிய நினைவுக் கோட்டை இருக்கிறது. நினைவுச் சின்னங்கள் வேண்டியவையே. ஆனால் அவை நம் காலத்துச் சிற்பிகளின் கற்பனை. அவற்றைப் பார்த்துவிட்டு வந்து 'கோட்டையைக் கண்டேன்' என்று கவிதை எழுதுவது பொருந்தாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். இந்த மண்ணை மிதித்தவர் யார்? உடைப்பில் பனையைத் திணித்தவர் யார்? ஒண்டிவீரனையும் வெண்ணிக்காலாடியையும் வாய்மொழி மரபு மறக்கவில்லை. 2022இல் ஒண்டிவீரனுக்கு அஞ்சல்தலையும் வந்தது. அவர்களோடு நின்ற நூற்றுக்கணக்கானவர்க்குப் பெயரே இல்லை. இன்று விழா எடுப்பவர்கள், ஒவ்வொரு சாதியும் ஒரு வீரனைப் பங்கு பிரித்துக்கொண்டு, தனித்தனி நாளில், தனித்தனிக் கொடியோடு வருகிறார்கள். ஒரே மதிலுக்குள் நின்று மடிந்தவர்களை நாம் மதில் எழுப்பிப் பிரிக்கிறோம். பாளையக்காரர்களையும் குற்றமற்றவர்களாக்க வேண்டியதில்லை. தேசகாவல், தலக்காவல் என்று அவர்கள் ஊர்களிடம் வாங்கிய வரிகளைப் பற்றிய முறையீடுகளும் வரலாற்றில் உண்டு. நொச்சி பாடும் கவிஞனுக்கு இவை அனைத்தையும் தாங்கும் நெஞ்சம் வேண்டும்.

சங்கரன்கோயில் கோயிலுக்குள் பூலித்தேவர் பெயரால் ஓர் அறை இருக்கிறது. பிடிபட்டுச் செல்லும் வழியில் வழிபட வேண்டும் என்று கேட்டு உள்ளே போனவர், சோதியில் கலந்து மறைந்தார் என்பது மக்கள் கதை. தோற்றவனைக் கொல்ல மனம் வராத மக்கள், அவனைக் கருவறைக்குள் ஒளித்துவைத்தார்கள். தேசிங்கு கதையைப் போலவே இதுவும் ஒரு காப்பு.

நம் வட்டம் பத்தாண்டுகளில் வெளியிட்ட தொகுப்புகளை இப்பேச்சுக்காக ஒருமுறை புரட்டினேன். ஆண்டாள் மீது முப்பதுக்கு மேற்பட்ட கவிதைகள், தாமிரபரணி மீது பதினொன்று, ஐரோப்பிய நகரங்கள் மீதுகூட இரண்டு இருக்கின்றன. வாசுதேவநல்லூர் மீது ஒன்றும் இல்லை. இளங்கவிஞர்களைக் குறைசொல்ல இதனைக் கூறவில்லை. கல் இருந்தால் கண்ணுக்குப் படும். கண்ணுக்குப் பட்டால் பாட்டு வரும். மண் கோட்டைக்குக் காதுதான் வேண்டும். அந்த முதியவரைப் போன்றோர் இன்னும் பத்தாண்டில் எத்தனை பேர் இருப்பர்? வயலுக்குப் போன மண் எந்த வயலுக்குப் போயிற்று, அந்த வயலுக்குப் பெயர் என்ன, கோட்டைக்குத் தண்ணீர் எந்த ஊருணியிலிருந்து வந்தது, எந்தக் கோம்பைக்கு என்ன பெயர், நடவிலும் களத்திலும் பாடப்பட்ட பாட்டில் எந்த அடி மிச்சம் என்பனவற்றைக் கேட்டு எழுத, ஆய்வாளர்க்கு முன் கவிஞர்களே போகலாம். பல்கலைக்கழக நிதி வருமளவும் காத்திருக்க வேண்டியதில்லை. சேற்றூர்க் கவிராயர்களின் வழித்தோன்றல்கள் வீட்டு ஏடுகளும் கடிதங்களும் எங்கேனும் இருப்பின், அவற்றையும் இப்போதே பார்த்தாகவேண்டும்.

மாணவியர் பன்னிருவரும் ஆளுக்கொரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தவை என்னிடம் இருக்கின்றன. வயற்பெயர்கள் நாற்பத்து மூன்று, ஓடைப்பெயர்கள் ஒன்பது, முழுமையாகக் கிடைத்த ஒரு தாலாட்டு, பாதியில் நின்ற இரண்டு கும்மிப் பாட்டுகள். இவற்றின் படியை வட்டத்தின் செயலாளரிடம் இன்று ஒப்படைக்கிறேன். அடுத்த தை மாதம் மறுபடி போகிறோம். வர விரும்பும் கவிஞர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் தரலாம். பேருந்து காலை ஆறு மணிக்குப் புறப்படும்; வெயில் ஏறுமுன் வாசுதேவநல்லூரில் இறங்கிவிட வேண்டும்.